ககன்யான் கலனின் உப்பை யார் கழுவுவார்? இஸ்ரோவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இஸ்ரோ தலைவர் திரு. வி. நாராயணன் அவர்களுக்கும், பெங்களூரு மனித விண்பயண மையத்தில், நம் வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக இராப்பகலாக உழைக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ராக்கெட்டைப் பற்றி உங்களிடம் பேசும் தகுதி எனக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்தது உப்பு. ஓர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். மண்ணுக்கடியில் கிடந்த செப்புத் திருமேனிகள், கோயில் மணிகள், துருவேறிய வாள்கள் என்று வருகிற பொருள்களுக்குள் ஊறிப்போன உப்பை வெளியே எடுப்பதுதான் என் தொழில். அந்த ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 21-ஆம் தேதி காலை, ககன்யானின் முதல் சோதனை வாகனம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புவதைப் பார்க்க வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஐந்து வினாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. மறுபடியும் எண்ணி, பத்து மணிக்குப் பறந்தது. கலன் தனியே பிரிந்து, பாராசூட் விரிந்து, கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் வங்காள விரிகுடாவில் இறங்கியது. கடற்படை அதை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். அப்புறம் மீட்புப் படங்கள் வந்தன. மற்றவர்கள் கலனைப் பார்த்தார்கள், நான் அதன் மேல் இருந்த ஈரத்தைப் பார்த்தேன். காயும் முன் ஒரு குழாயை எடுத்து நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டுமே என்று கை பரபரத்தது. தொழில் பழக்கம் அப்படி.

அன்று வந்தது சோதனைக் கலன். அடுத்தடுத்து சுற்றுப்பாதைக்கே போய்த் திரும்பும் கலன்கள் வரப்போகின்றன. முதலில் மனிதர் இல்லாமல், பிறகு மனிதரோடு. அப்படி மனிதரைச் சுமந்து நம் மண்ணிலிருந்து கிளம்பித் திரும்பி வரும் முதல் கலன், இந்த நாட்டின் மிக முக்கியமான அருங்காட்சியகப் பொருள்களில் ஒன்றாகப் போகிறது. இன்னும் இருநூறு வருடம் கழித்து வருகிறவர்களும் அதைப் பார்க்க வேண்டும். அவர்கள் பார்ப்பார்களா என்பது கலன் கடலில் இறங்கிய முதல் சில மணி நேரத்தில் பெருமளவு முடிவாகிவிடும். அதனால்தான் கலன் பறப்பதற்கு முன்பே எழுதுகிறேன்.

கடல்நீர் காய்ந்துவிடும். அதிலுள்ள உப்பின் ஒரு பாகமான குளோரைடு போகாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அனுபவித்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஓர் அம்மன் திருமேனியை என்னிடம் கொடுத்தார்கள். மண்ணை நீக்கினேன், துடைத்தேன், படம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்து அலமாரியைத் திறந்தால், அம்மனின் இடது கை விரல் நுனியில் வெளிறிய பச்சையில் ஒரு தூள். விபூதியைக் கிள்ளி வைத்தாற்போல இருந்தது. ஊசி முனையால் தொட்டேன். தூளோடு சேர்ந்து விரலும் உதிர்ந்து வந்துவிட்டது.

வெண்கல நோய் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் குளோரைடு, காற்றில் ஈரம் கூடியவுடன் செம்பைத் தின்ன ஆரம்பிக்கும். தின்று முடித்ததும் அதே குளோரைடு மறுபடி விடுபட்டு அடுத்த துளிச் செம்பைத் தேடிப் போகும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே எஸ். பரமசிவன் என்ற வேதியியலர் மின்பகுப்பு முறையில் வெண்கலத் திருமேனிகளிலிருந்து இந்தக் குளோரைடை இழுத்து வெளியேற்றிக் காட்டினார். இன்று நாம் பார்த்துக் கும்பிடும் பல திருமேனிகள் நிற்பது அந்த மாதிரி வேலையால்தான். நான் சொல்ல வந்தது, இந்தக் கலை நம்மிடம் சுமார் நூறு வருடமாக இருக்கிறது என்பதை. விண்கலனுக்காக வெளிநாட்டிலிருந்து வாங்கி வர வேண்டிய அறிவு இல்லை இது.

அந்த அம்மனை நான்கு மாதம் சோடாக் கரைசலில் ஊறப்போட்டோம். வாரத்துக்கொரு முறை கரைசலை மாற்றுவோம். மாற்றும் முன் ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுவேன். குளோரைடு இருந்தால் வெளுக்கும். முதல் மாதம் அப்படியே பால் ஊற்றியது போல வெளுத்தது. இரண்டாம் மாதம் கஞ்சித் தெளிவு மாதிரி. பிறகு லேசான புகை. கடைசியில் ஒருநாள் இரண்டு சொட்டு விட்டும் தண்ணீர் தெளிவாகவே நின்றது. அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் கலனில் செம்பைவிட அலுமினியக் கலவைதான் அதிகம். குளோரைடு அலுமினியத்தையும் விட்டுவைக்காது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுதான் அதன் காவல். குளோரைடு அந்தப் படலத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போடும். வெளியே பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளி, உள்ளே போகப் போகக் குடைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் எஃகு திருகாணியோ கார்பன் இழையோ இருந்து, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால், மூன்றும் சேர்ந்து ஒரு மின்கலம்போல வேலை செய்யும். அதில் கரைந்து போவது அலுமினியம்தான்.

அதைவிடக் கவலை தருவது இடுக்குகள். ககன்யான் கலனுக்கு உள்ளே காற்றழுத்தம் தாங்கும் உலோகக் கூடு ஒன்று, வெளியே வெப்பக் கவசத்தோடு இன்னொரு கூடு. இரண்டுக்கும் நடுவே கேபிள்கள், குழாய்கள், இணைப்புகள். பாராசூட் மட்டும் 10 இருக்கின்றன. இந்த இடுக்குகளில் புகுந்த கடல்நீர் மேலே துடைத்தால் வராது. துறைமுகத்தில் ஒரு வாரம், லாரியில் சில நாள், கிடங்கில் சில மாதம் என்று போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போடும் நேரத்தில் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

இதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். 1961 ஜூலை 21-ஆம் தேதி அமெரிக்க வீரர் கஸ் கிரிசம் விண்வெளியைத் தொட்டுத் திரும்பிய லிபர்ட்டி பெல் 7 என்ற கலன், கதவு வெடித்துத் திறந்துகொண்டதால் அட்லாண்டிக்கில் மூழ்கிப்போனது. 38 வருடம் கழித்து, 1999-இல், ஏறத்தாழ 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். மேலே வந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: அதை உலரவிடாமல் கடல்நீர் நிரப்பிய பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொண்டுபோனார்கள். காற்றுப் பட்டு உலர்ந்தால் அரிப்பு பாய்ந்து வரும் என்று தெரிந்த ஆள் கப்பலில் இருந்திருக்கிறார். கன்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் ஊரில் உள்ள காஸ்மோஸ்பியர் அருங்காட்சியகத்தில் அதைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகச் சுத்தம் செய்து, மறுபடி பூட்டினார்கள். இன்று அது பார்வைக்கு இருக்கிறது.

அதே கூடத்துக்குத்தான் 2013-இல், அமெரிக்கர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின் பாகங்களும் வந்தன. ஜெஃப் பெசோஸ் செலவில் அட்லாண்டிக்கின் அடியிலிருந்து, 4,000 மீட்டருக்கும் கீழேயிருந்து எடுத்தவை. நெளிந்து நசுங்கிய இரும்புக் குவியல். எந்தப் பயணத்தில் எரிந்த எஞ்சின் என்று சொல்ல வழியில்லை. உலரவிடாமல் நனைத்து நனைத்து வைத்துத் துப்புரவு செய்துகொண்டிருந்த ஒரு பாதுகாப்பாளர், புறஊதா விளக்கில் பார்த்தபோது 2044 என்ற எண் மங்கலாகத் தெரிந்தது. அது அப்போலோ 11-இன் ஐந்தாம் எஞ்சின் எண். ஆம்ஸ்ட்ராங்கையும் ஆல்ட்ரினையும் காலின்ஸையும் தரையிலிருந்து தூக்கிய ஐந்தில் ஒன்று. அவசரப்பட்டு உலோகக் கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்திருந்தால் அந்த எண் துருவோடு சாக்கடையில் போயிருக்கும்.

சரி, நான் கேட்பது என்ன? 2024 டிசம்பரில் கிழக்குக் கடற்படைப் பிரிவோடு சேர்ந்து, கலனைக் கப்பலின் நீர் நிரம்பும் தளத்துக்குள் இழுத்துவரும் ஒத்திகையை நடத்தினீர்கள். வீரர்கள் அலைக்கழிக்கப்படாமல், கலனைவிட்டு இறங்காமலேயே கப்பலுக்குள் வந்துவிட அது நல்ல ஏற்பாடு. அந்த மீட்புக் குழுவில் மருத்துவர் இருக்கிறார், முக்குளிப்பவர் இருக்கிறார், எரிபொருள் எச்சத்தையும் வெடிமருந்துகளையும் பாதுகாப்பாக்குகிறவர் இருக்கிறார். அவர்களோடு உலோகப் பாதுகாப்புத் தெரிந்த ஒரே ஒருவரைச் சேருங்கள். வீரர்கள் வெளியே வந்து, உங்கள் ஆள்கள் கலனை ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு அவர் வேலை ஆரம்பிக்கட்டும்.

கப்பலிலேயே அயனி நீக்கிய, அதாவது கரைந்த உப்புகளை எடுத்துவிட்ட, தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்க வேண்டும். எங்கே தண்ணீர் ஊற்றலாம், எங்கே ஊற்றவே கூடாது என்பதை உங்கள் பொறியாளர்களோடு உட்கார்ந்து முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கழுவ முடியாது. கருகிய வெப்பக் கவசம் பஞ்சு மாதிரி. பீய்ச்சி அடித்தால் கரி உதிரும், அதோடு உப்பும் உள்ளே தள்ளப்படும். அதை மெல்ல ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் ஆய்வுக்கு மாதிரி எடுக்க வேண்டிய இடம் எது என்றும் முதலிலேயே குறித்துக்கொள்ளலாம். கலன் திரும்பியதும் கவசத்தின் தடிமன் எவ்வளவு தேய்ந்தது, வெப்பம் எவ்வளவு உள்ளே போனது என்றெல்லாம் நீங்கள் வெட்டிப் பார்த்தாக வேண்டும். அடுத்த பயணத்தின் உயிர்கள் அதில் இருக்கின்றன. அதைத் தடுக்கச் சொல்லவில்லை. எங்கே வெட்டினீர்கள், வெட்டிய துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். துண்டும் பொருளின் பாகம்தான்.

இந்தியா அனுப்பிய பொருள்களில் மேலே போய் முழுதாகத் திரும்பியவற்றைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆர்யபட்டா 1975 ஏப்ரல் 19-இல் போனது, 1992-இல் வளிமண்டலத்தில் எரிந்துவிட்டது. நாம் அருங்காட்சியகங்களில் பார்ப்பது அதன் மாதிரி. 2007 ஜனவரி 10-இல் பிஎஸ்எல்வி-சி7 கொண்டுபோன எஸ்ஆர்இ-1 கலன், 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு ஜனவரி 22-இல் வங்கக் கடலில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் இறங்கியது. சுற்றுப்பாதையிலிருந்து நம் கலன் ஒன்றை நாமே வரவழைத்துத் திரும்ப எடுத்த முதல் தடவை அது. சுமார் 550 கிலோ எடை. சிலிக்கா ஓடுகள் பதித்த உடம்பு, கார்பன் பினாலிக் மூக்கு. பிறகு 2014 டிசம்பர் 18-இல், வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழைவதைச் சோதிக்க அனுப்பிய கேர் கலன். எல்விஎம்3 ராக்கெட்டின் முதல் பறத்தலில் 126 கிலோமீட்டர் உயரம் போய், அந்தமான் பக்கம் கடலில் இறங்கி, கப்பலில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வந்தது.

இந்த இரண்டும் என் கண்ணுக்குச் சோழர் செப்பேடு மாதிரி. செப்பேட்டில் எழுத்து இருக்கிறது, இவற்றில் தீயின் எழுத்து இருக்கிறது. எந்தப் பக்கம் அதிகம் கருகியது, ஓடுகளின் இடுக்கில் வெப்பம் எப்படிப் புகுந்தது என்று படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம். இருபது வருடம் கழித்துப் புதிய கருவியோடு வரும் ஓர் ஆராய்ச்சி மாணவி, இன்று நீங்கள் கேட்கத் தோன்றாத கேள்வியைக் கேட்டு அதே ஓட்டிலிருந்து பதில் எடுப்பாள். மாதிரிப் பொம்மையிலிருந்து அதை எடுக்க முடியாது.

டெல்லி நேரு கோளரங்கத்துக்குப் போனால் சோயுஸ் டி-10 கலன் இருக்கிறது. 1984 ஏப்ரலில் சோயுஸ் டி-11-இல் போன ராகேஷ் சர்மா, திரும்பி வந்தது இதில்தான். நான் அங்கே போனபோது அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். இத்தனை சின்னதா என்ற வியப்பு முதலில். மூன்று பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு இதற்குள் எப்படித்தான் உட்கார்ந்தார்கள்! அப்புறம் அந்தக் கருகல். உண்மையான பொருளின் முன்னால் நிற்கும்போது உடம்பில் ஏற்படும் சிலிர்ப்பை நான் எத்தனையோ பேர் முகத்தில் பார்த்திருக்கிறேன், திருமேனிகள் முன்னாலும் இங்கேயும்.

அதனால்தான் அடுத்த வேண்டுகோள்: தயவுசெய்து பளபளப்பாக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் என் பாட்டியின் குத்துவிளக்கு ஒன்று உண்டு. தண்டில் அதைச் செய்த கன்னார் பெயரும், கொடுத்தவர் பெயரும் பொறித்திருந்ததாக அம்மா சொல்வார். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டு, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தார்கள். விளக்கு தங்கம் மாதிரி மின்னும். நான் பார்த்தபோது கன்னார் பெயரில் இரண்டு எழுத்து மிச்சம். வீட்டு விளக்குக்குப் பரவாயில்லை, அது எரிவதற்கு இருப்பது. ஆனால் கோயில் தூண்களை மணலை வீசிச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்துவிட்ட கதையும் தமிழ்நாட்டுக்குத் தெரியும். சுத்தம் என்ற நல்லெண்ணத்தில்தான் அதைச் செய்தார்கள்.

சில வருடம் முன்பு ஒரு பூங்காவில் திறந்தவெளியில் நிறுத்தியிருந்த ராக்கெட் ஒன்றைப் பார்த்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். வருடாவருடம் பெயிண்ட் அடிக்கிறார்கள். ரிவெட்டுகளின் தலை தெரியாத அளவுக்குப் பூச்சு மேல் பூச்சு. ஒரு மூலையில் பெயிண்ட் உப்பி நின்றது, விரலால் அழுத்தினால் உள்ளே பொருபொருவென்று தூள். உள்ளிருக்கும் அரிப்பை மேலே பூசி மூடி, மழைத்தண்ணீர் வெளியேறவும் வழியில்லாமல் செய்திருந்தார்கள். குழந்தைகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வாஷிங்டன் அருகே உட்வார்-ஹேசி மையம் என்ற அருங்காட்சியகத்தில் டிஸ்கவரி விண்ணோடம் 2012-இலிருந்து இருக்கிறது. அதைப் பறந்து வந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஓடுகளில் கறை, வழிந்த கோடுகள், பழுப்பேறிய வெள்ளை, எதையும் துடைக்கவில்லை. 39 முறை போய்வந்த உழைப்பு உடம்பெல்லாம் தெரிகிறது. அப்போலோ 11-இன் கொலம்பியா கலனை 2016-இல் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தபோது, பார்வையாளர் எட்டிப் பார்க்க முடியாத உள்சுவர்களில் கையெழுத்துகள் தெரியவந்தன. கையால் கோடு போட்ட ஒரு சின்ன நாள்காட்டி, போன நாள்களை ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார்கள். ஒரு பெட்டியின் மேல் ‘நாற்றமடிக்கும் கழிவு’ என்று எச்சரிக்கை. கப்பலுக்கு வந்த பிறகு மைக்கேல் காலின்ஸ் மறுபடி உள்ளே போய், இதுவரை செய்ததிலேயே சிறந்த கலன் இது, கடவுள் இதற்கு அருள் புரியட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யாராவது நல்ல மனசோடு உள்ளே துடைத்திருந்தால் இவை எதுவும் இல்லை.

நம் வீரர்களும் பென்சிலில் ஏதாவது கிறுக்குவார்கள். தரையில் பூட்டிய ஃபிட்டர் ஒருவர் உள்பக்கம் மார்க்கரில் ஓர் எண், ஓர் அம்புக்குறி, ஒருவேளை ஒரு பிள்ளையார் சுழி போட்டிருப்பார். கலன் திரும்பியதும், யாரும் எதையும் துடைக்கும் முன், உள்ளும் புறமும் முழுக்க ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அது முடிந்த பிறகு கேபிள், நாற்காலி, பை எதை வேண்டுமானாலும் கழற்றுங்கள்.

உடைகள் பற்றி ஒரு வார்த்தை. உலோகத்தைவிட அவைதான் சீக்கிரம் போகும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் அணிந்த உடையை முப்பது வருடத்துக்குக் கிட்டப் பார்வைக்கு வைத்திருந்துவிட்டு, 2006-இல் எடுத்துக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருக்கும் ரப்பர் அடுக்கு இறுகி நொறுங்க ஆரம்பித்துவிட்டது. பிளாஸ்டிக் குழாய்கள் விடும் அமில வாயு பக்கத்துத் துணியையும் உலோகத்தையும் அரிக்கிறது. 2015-இல், அமெரிக்காவில் அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் பொதுமக்களிடம் நிதி கேட்டது, 7 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. உள்ளே காற்றோட்டம் போகும்படி தனியாகச் செய்த உருவத்தில் அதை மாட்டி, வெப்பம், ஈரம், ஒளி மூன்றையும் அடக்கிய பெட்டியில் 2019 ஜூலை 16-ஆம் தேதிதான் மறுபடி காட்சிக்கு வந்தது. அந்த உடைகளுக்கு உகந்ததாக அவர்கள் கண்டது சுமார் 17 டிகிரி வெப்பம், 30 சதவீத ஈரப்பதம். சென்னையில் நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் வரும் காற்றில் பல நாள் 70 சதவீதத்துக்கு மேல் ஈரம்! ஆகவே நம் வீரர்கள் அணியப்போகும் உடை எந்தெந்தப் பொருளால் ஆனது, எந்த அடுக்கில் எந்தப் பசை என்ற பட்டியலை இப்போதே பாதுகாப்பாளர்கள் கையில் கொடுங்கள். ஐம்பது வருடம் கழித்து அதைத் தயாரித்தவரைத் தேடி அலைய வேண்டாம். பாராசூட் துணியும் அப்படித்தான்: நைலான் வெயிலுக்கு ஆகாது, உப்போடு மடித்து வைத்தால் மடிப்பிலேயே இற்றுவிடும்.

எங்கே வைப்பது? எங்கள் ஊருக்குத்தான் வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை, ஆசை இருந்தாலும். அறிவிக்கப்பட்ட வீரர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பதால் அந்த ஆசை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கடற்கரையை ஒட்டி வைக்காதீர்கள். தும்பாவில் 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பியபோது அலுவலகமாக இருந்த மேரி மக்தலேனா தேவாலயத்தை இன்று விண்வெளி அருங்காட்சியகமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். அதற்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு அந்த இடம்தான் பெருமை, அது அங்கேதான் இருக்க வேண்டும். கலனுக்கு அந்த உப்புக்காற்று வேண்டாம். குலசேகரப்பட்டினத்துக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இதேதான்.

திறந்தவெளியும் வேண்டாம். ஹூஸ்டனில் நிலவுப் பயணத்துக்கென்றே செய்த சாட்டர்ன் 5 ராக்கெட்டை 1977-இலிருந்து புல்வெளியில் படுக்க வைத்திருந்தார்கள். கால் நூற்றாண்டு வெயிலும் மழையும் தின்று, பாசி பிடித்து, பறவைகளும் சிறு விலங்குகளும் குடியேறிய பிறகுதான் மேலே கூரை போட்டுச் சீர்செய்தார்கள். கூரை மட்டும் இருந்தாலும் போதாது. சோவியத் நாட்டின் புரான் விண்ணோடம் 1988 நவம்பர் 15-இல் ஆளில்லாமல் பறந்து, தானே தரையிறங்கிக் காட்டியது. பைக்கனூர்க் கிடங்கில் அதைக் கவனிக்க ஆளில்லை, பணமில்லை. 2002 மே 12-இல் கூரை இடிந்து விழுந்து 8 பேர் இறந்தார்கள். விண்வெளிக்குப் போய்வந்த ஒரே புரானும் அதோடு நொறுங்கிப்போனது.

இடத்தை முதலிலேயே தீர்மானிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வைத்த பிறகு மாற்றுவது பொருளுக்கு ஆகாது. டிஸ்கவரியை ஹூஸ்டனுக்கு மாற்றுவதற்கென்று அமெரிக்காவில் 2025 ஜூலையில் சட்டத்தில் 8.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதைப் பெருமளவு பிரிக்காமல் கொண்டுபோக முடியாது என்று பாதுகாப்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இழுபறி நமக்கு எதற்கு?

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. நாசாவும் ஸ்மித்சோனியனும் 1967-இல், நிலவில் கால் வைப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. நாசாவின் வேலைக்கு இனி வேண்டாம் என்று ஆகிற வரலாற்றுப் பொருள்கள் யாருக்குப் போகும், எப்படிப் போகும் என்பது அதில் இருக்கிறது. கொலம்பியாவும் ஆம்ஸ்ட்ராங் உடையும் யாரோ ஒருவர் நினைத்துக்கொண்டு காப்பாற்றியவை இல்லை, காகிதத்தில் இருந்ததால் காப்பாற்றப்பட்டவை. இஸ்ரோவும் மத்தியப் பண்பாட்டு அமைச்சகமும் அதுபோல ஒன்றைக் கையெழுத்திட வேண்டும், கலன் பறப்பதற்கு முன்பே. அதில் பொறுப்பான ஆளின் பதவிப் பெயர் இருக்கட்டும், வருடாந்திரப் பராமரிப்புப் பணம் எந்தக் கணக்கிலிருந்து என்பது இருக்கட்டும். திறப்பு விழாவுக்குப் பணம் எப்போதும் கிடைக்கும். பத்தாவது வருடம் ஈரம் உறிஞ்சும் கருவி கெட்டுப்போகும்போதுதான் கிடைக்காது.

அந்த ஒப்பந்தத்தில் மேலே போகாத பொருள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்திரயான்-3-இல் போய் நிலவில் இறங்கிய விக்ரம் கலன் அங்கேயே இருக்கிறது, திரும்ப வராது. ஆனால் அதற்கு முன்னால் தரையில் குலுக்கி, சூடாக்கி, குளிரவைத்துச் சோதித்த உருக்கள் இருக்கின்றன. மகேந்திரகிரியில் எரித்துப் பார்த்த எஞ்சின்கள் இருக்கின்றன. புதிய திட்டம் வரும்போது பழைய உருக்கள் இடத்தை அடைக்கும், தூக்கிப் போடத் தோன்றும். எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். ஒரு பொருளை எடைக்குப் போடும் முன் அருங்காட்சியகத்தில் ஒருவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி விதி இருந்தால் போதும்.

அப்புறம் அவற்றைச் செய்த கைகள். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தும்பாவுக்கும் மகேந்திரகிரிக்கும் போன டர்னர்கள், வெல்டர்கள், ஃபிட்டர்கள் பலருக்கு இன்று எழுபது எண்பது வயது. என் வேலையில் என்னை மிகவும் வருத்திய கேள்வி, இந்தத் திருமேனியின் கரண்டையில் ஏன் இப்படி ஓர் ஒட்டு என்பதுபோன்றது. வார்த்த ஸ்தபதி போய் ஆயிரம் வருடம் ஆகிவிட்டது, கேட்க ஆளில்லை. உங்களுக்குக் கேட்க ஆள் இருக்கிறார்கள். பழைய மோட்டார் கூட்டின் பற்றவைப்பு முன்னால் அவர்களை உட்காரவைத்து, இந்த இடத்தில் ஏன் இப்படி என்று கேட்டு, கேமராவில் பதிந்துகொள்ளுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ, அவர்கள் பேசுகிற மாதிரியே.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். கப்பலில் வைக்கும் தொட்டி, தண்ணீர், கழுவிய தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஒரு கடத்துதிறன் மீட்டர், சில்வர் நைட்ரேட் புட்டி, ஒருவருக்கான இடம். திட்டத்தின் கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது. ஆள்களுக்கும் குறைவில்லை. திருமேனிகளோடும் செப்பேடுகளோடும் பழகிய இளைஞர்கள் நாட்டின் பாதுகாப்புக் கூடங்களில் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரை இப்போதே அழைத்து, பறக்காத ஒரு சோதனைக் கலனைக் காட்டி, கடல்நீர் ஊற்றிக் கழுவிப் பழக விடுங்கள். எந்த இடுக்கிலிருந்து உப்பு கடைசியாக வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்த மீட்பு ஒத்திகைக்கு இரண்டு வாரம் முன்னால் தகவல் சொன்னால் போதும். என் சோதனைக் குழாய்களை இன்னும் வைத்திருக்கிறேன். வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகப் பாதுகாப்புப் பணியாளர்,
சென்னை